மூத்தாள் குதிருக்கு ஒரு பூட்டு

"இருபது வருஷமா பூட்டில்லாம கிடந்த குதிர், அண்ணே. நான் இளையாளா வந்த மறு வருஷமே அக்கா பூட்டு கேக்குறான்னா, நான் என்ன திருடியா?"

கொல்லுப்பட்டறை நிழலில் மரப்பூட்டு ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்த கொல்லர் அம்பாரே வாய்ச்சியைக் கீழே வைக்கவில்லை.

"மெதுவா. பாந்தியாகரா டவுன் வரைக்கும் கேக்குது. முதல்ல அம்மா சௌக்கியமா? அப்பா சௌக்கியமா? வெங்காயத் தோட்டம் சௌக்கியமா?"

"எல்லாம் சௌக்கியம். பதில் சொல்லுங்க."

யாபெமோவுக்கு எட்டாம் மாசம். மேடு ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது.

மூத்தாள் யாசிகே பூட்டுக்குச் சொல்லிவிட்டு வந்த நாளிலிருந்து, கிணற்றடியில் இவளைக் கண்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. கம்பு அறுவடைக்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. தானியம் குறைந்துபோன இந்த நேரத்தில் குதிருக்குப் பூட்டு வந்தால் ஊர் யாரைச் சந்தேகப்படும்? திருடி என்று பேர் வாங்கிவிட்டு, பிறக்கப்போகிற பிள்ளையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடமாடுவது?

"காலையில நல்லா கேட்டுட்டேன். 'உன் கம்பை நீயே கட்டிக்கிட்டு அழு'ன்னேன். வாயே திறக்கலை, அழுத்தக்காரி."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு கேக்காம விட்டாளே, அதுவே பெருசு" என்றபடி அம்பாரே பூட்டை அவள் பக்கம் திருப்பினார். உச்சியில், அந்த ஊர்ப் பூட்டுகளில் வழக்கம்போல, இரண்டு பொம்மைகள், தோளோடு தோள் ஒட்டி.

"அவளும் புருஷனும்! என்னைச் சேர்க்க மனசே வரலை, பாருங்க."

அவர் பக்கத்தில் கிடந்த பல் வைத்த மரச்சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"உன்கிட்டதான் கொடுக்கச் சொன்னா."

யாபெமோ சாவியைத் திருப்பிப் பார்த்தாள். "என்கிட்டயா? பொம்பளையோட குதிர்ச்சாவி புருஷன் கைக்கே போகாதே, அண்ணே."

"உங்க அக்கா, கேட்டவங்களுக்கெல்லாம் கம்பை அள்ளிக் கொடுத்துடறாளாம். இல்லைன்னு சொல்ல வராதாம். இப்படியே போனா பிள்ளை பெறப்போற உனக்குக் கஞ்சிக்கு இருக்காதுன்னு பயந்துட்டா. முன்னாடியே சொன்னா நீ சாவியை வாங்க மாட்டேன்னுதான் மூச்சு விடலை."

யாபெமோ பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்புறம், அந்தப் பொம்மை புருஷன் இல்லை, தங்கச்சி. ரெண்டும் பொம்பளைங்க. சின்னவளுக்கு வயிறு இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கணும்னு இன்னைக்கு மத்தியானம்கூட வந்து சொல்லிட்டுப் போனா."