நான்தான் எடுத்தேன்

“என்னது! மூணு நாளா உங்களுக்குச் சாப்பாடே போடலையா?”

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“ஒரு பருக்கைகூட இல்ல தம்பி. பட்டினி போட்டே கொல்றா” என்று பக்கத்தில் நின்ற இல்லப் பொறுப்பாளர் மேட்ரனைக் கை காட்டினார் டீச்சரம்மா. காலையில் சாப்பிட்டது இன்னும் மோவாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்னம்மா இது?” என்று மேட்ரன் பக்கம் திரும்பினார் ஆய்வாளர்.

“ஆமா சார், போடல. என் தப்புதான்” என்றார் மேட்ரன், கொஞ்சமும் கூசாமல். “டீச்சர், இதோ இப்பவே கொண்டு வரச் சொல்றேன்.”

“அப்படி வா வழிக்கு!” என்று சாய்ந்து உட்கார்ந்தார் டீச்சரம்மா.

நம் ஆய்வாளரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மறதி நோய்க்காரர்களைப் பராமரிக்கும் இல்லங்களைச் சோதிப்பதுதான் அவருக்கு இருபத்தாறு வருஷ உத்தியோகம். ஆபீசில் பட்டப்பெயர் ‘முற்றுப்புள்ளி’. யோசிக்கிற வம்பெல்லாம் அவரிடம் கிடையாது. படிவம் என்ன சொல்கிறதோ, அதுதான்.

படிவம் சொல்வது இது: அங்கே இருப்பவர்களிடம் குறை கேள், சொன்னதை அப்படியே எழுது. பொறுப்பாளர் மறுத்தால், புகார் சொன்னவர் எதிரிலேயே மறுக்க வேண்டும். மறுக்காவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். மூன்று குற்றம் சேர்ந்தால் இல்லத்துக்குப் பூட்டு.

அடுத்த நாற்காலியில் இருந்தவர் சொன்னார்: “என் மோதிரத்தை இவதான் எடுத்துக்கிட்டா.”

“எடுத்தேன் சார்.”

மூன்றாவது ஆள், ரிட்டையரான டிரைவர். “என் பஸ்ஸைக் காணோம். அம்பத்திரண்டு சீட்டு.”

ஆய்வாளர் பேனாவை நிறுத்தினார். “பஸ்ஸையுமா எடுத்தீங்க?”

“அவசரமா போக வேண்டியிருந்தது சார். அண்ணே, நாளைக்கு டீசல் போட்டுக் கொண்டாந்து விட்டுடறேன்.”

“கழுவிக் குடு” என்றார் டிரைவர் கறாராக.

நாலாவது அம்மா எழுந்தே நின்றுவிட்டார். “என் வீட்டுக்காரரை மயக்கி வச்சிருக்கா சார், இந்தச் சிறுக்கி!”

“இன்னியோட விட்டுட்டேன்க்கா. சத்தியமா” என்றார் மேட்ரன்.

ஆய்வாளர் மேட்ரனைத் தரதரவென்று இழுக்காத குறையாகத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

“உங்களுக்குப் பைத்தியமா? நாலு குற்றம் ஆயிடுச்சு. இல்லத்தை இழுத்து மூடணும். இருபத்திரண்டு பேரும் எங்கே போவாங்க?”

“தெரியும் சார்.”

“அப்போ அவங்க எதிர்ல ஒரே ஒரு தடவை ‘இல்ல’ன்னு சொல்லித் தொலைங்களேன். எழுதினதை நான் அடிச்சுடறேன்.”

“முதல் வருஷம் சொன்னேன் சார். ‘டீச்சர், இப்பதானே சாப்பிட்டீங்க, மறந்துட்டீங்க’ன்னு தட்டையே கொண்டுவந்து காட்டினேன். அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ‘எனக்கு என்ன ஆச்சு?’ன்னு அழ ஆரம்பிச்சவங்க, அன்னிக்கு முழுக்க நிறுத்தல.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சாப்பிட்டது மறந்துடுது. அந்தப் பயம் மட்டும் மறக்க மாட்டேங்குது சார். அதுக்கு நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன். என்னை நாலு திட்டு திட்டிட்டா நிம்மதியா இருக்காங்க.”

“சட்டத்துல அதுக்கு இடமில்லையே அம்மா.”

“மூடணும்னா மூடிடுங்க. அவங்க முன்னால மட்டும் என்னை மறுக்கச் சொல்லாதீங்க.”

ஆய்வாளருக்கும் மனசு என்னவோ செய்தது. ஆனால் பரிதாபத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

“பிடிங்க அவனை!”

வக்கீலாக இருந்த ஓர் அம்மா, தாழ்வாரம் அதிர வந்துகொண்டிருந்தார். பின்னாலேயே ஹாலில் இருந்த அத்தனை பேரும்.

“என் கைப்பையைத் திருடினவன் இவன்தான்! முழிக்கிற முழியே சொல்லுதே!”

டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஆய்வாளரின் முகம் சிவந்துபோனது. இத்தனை வருஷ சர்வீசில் ஒரு குண்டூசி எடுத்தவரில்லை. “என்னம்மா பேசறீங்க? இதோ பாருங்க…” என்று விரலை நீட்டினார்.

“எதை?” என்றார் வக்கீலம்மா. குரலில் இருந்த அதிகாரம் சட்டென்று காணாமல் போனது. “எதைப் பார்க்கணும்? நான் ஏதாவது தப்பா…?” உதடு நடுங்கியது.

மேட்ரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நீட்டிய விரலை ஆய்வாளர் மெல்ல மடக்கிக்கொண்டார்.

“ஒண்ணுமில்லம்மா. நான்தான் எடுத்தேன். மன்னிச்சுடுங்க.”

“அதானே பார்த்தேன்!” வக்கீலம்மாவுக்கு உயிர் வந்துவிட்டது. “படிச்சவன் மாதிரி இருக்கே, வெட்கமா இல்ல?”

“இருக்கும்மா.”

“சரி, போனாப் போகுது. இனிமே செய்யாதே” என்று அவர் கன்னத்தில் செல்லமாகத் தட்டிவிட்டு, ஜெயித்த கேஸோடு ஹாலுக்குத் திரும்பினார். கூட்டமும் கலைந்தது.

ஆய்வாளர் படிவத்தைப் பிரித்து எழுதினார்: ‘புகார் ஐந்து: கைப்பை திருட்டு. குற்றவாளி: ஆய்வாளர். புகார்தாரர் எதிரிலேயே ஒப்புக்கொண்டார்.’

எட்டிப் பார்த்த மேட்ரன் பதறிப்போனார். “ஐயோ சார், உங்க வேலை போயிடுமே!”

அவர் நிமிராமல், கீழே இன்னும் இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்:

‘குறிப்பு: மேற்படி கைப்பை, திருடப்பட்டதாகச் சொல்லப்படும் நேரம் முழுவதும் புகார்தாரரின் தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற நான்கு ஒப்புதல்களும் இதே தரம்.’