அடுத்த கல்லடுக்கு

"அந்தக் கல்லடுக்கு உன்னோடதுதானே? ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுய்யா" என்றார் வன அதிகாரி.

வழிக்காவலருக்கு வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது. மலையடிவாரச் சோதனைச் சாவடியின் அந்தச் சின்ன அறையில், ஆணியில் தொங்கிய மழைக்கோட்டுகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர் பெஞ்சில் இறந்துபோன பெண்ணின் அப்பா. மகளுடைய ஈர முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாரை இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தார்.

மரங்கள் முடிகிற உயரத்துக்கு மேலே, உச்சிவரை வெறும் பாறைதான். கால்தடம் பதியாது. பாதை என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. அதனால் அங்கங்கே முழங்கால் உயரத்துக்குக் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு அடுக்கில் நின்று அடுத்த அடுக்கைத் தேடி நடக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதை வைப்பதும், சரிந்தால் நிமிர்த்துவதும் காவலரின் வேலை. தலை நரைக்கிறவரை அந்த ஒரு வேலையைத்தான் செய்திருக்கிறார். வீட்டுக்காரியே அவரைக் 'கல்லுக்காரர்' என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏரிக்கு மேல இருக்குற பாறை விளிம்புப் பக்கம் நான் கல்லே வெச்சதில்லீங்க சார்."

"அப்போ கல்லு தானா நடந்து போய் நின்னுக்கிச்சா? கூடப் போன பொண்ணு தெளிவாச் சொல்லுது. பனிமூட்டம் இறங்கிடுச்சாம். ஒரு அடுக்கு தெரிஞ்சுதாம். அப்பாடான்னு அதைப் பார்த்து நடந்தாங்களாம். முன்னாடி போனவ அதைத் தாண்டி ஒரு எட்டு வெச்சா, கீழ ஏரி!"

"போன வாரம்கூட அந்தப் பக்கம் போனேன் சார். அங்க ஒண்ணும் இல்ல."

"அதுக்கப்புறம்?"

"ஓடைப் பாலம் உடைஞ்சிருந்துச்சு. அதைக் கட்டிக்கிட்டிருந்தேன், மேல போகல. மூட்டம் விலகட்டும், நாம போய்ப் பார்த்துடலாம்."

"போய்ப் பார்த்து? கல்லுல பேரா எழுதியிருக்கும்? இந்த மலையில கல்லு அடுக்குற ஆளு நீ ஒருத்தன்தான். வேலை போறது இருக்கட்டும், கேஸாயிடும்யா. கம்பி எண்ணணும்."

அப்பா நிமிர்ந்தார். சத்தம் போட அவரிடம் தெம்பில்லை.

"என் பொண்ணு சொன்ன பேச்சு கேக்குற பொண்ணுங்க. கிளம்பறப்போ எனக்கு போன் பண்ணினா. 'பயப்படாதீங்கப்பா, மூட்டம் வந்தா கல்லடுக்கை மட்டும் நம்பி நடங்கன்னு காவலர் சொல்லியிருக்கார்'னா. நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தாங்க."

"நம்பித்தானே போனா?"

இவ்வளவு நேரம் தன் மேல் தப்பில்லை என்று அடித்துச் சொன்ன காவலருக்கு, இப்போது தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வயசாகிவிட்டது. பார்வை முன்னே மாதிரி இல்லை. போன வாரம் சரிந்து கிடந்த ஒரு அடுக்கை நிமிர்த்தினோமே, இடம் மாற்றி வைத்துத் தொலைத்தோமா? ஒரு உயிரைக் கொன்றுவிட்டோமா? கடவுளே, அது மட்டும் பொய்யாக இருக்கட்டும். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்தார்.

காவலர் எழுந்து நின்றார். அதிகாரியும் எழுந்துவிட்டார். அந்த அக்காவை இங்கே எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே மகனும் இதே மாதிரி ஒரு மூட்டத்தில் வழி தவறி, அதே விளிம்பில்தான் விழுந்தான். ஒவ்வொரு வருஷமும் அவன் போன நாளுக்கு வந்து, விடுதியில் நாலு நாள் தங்கிவிட்டுப் போவார்.

"விடுதியில இப்பத்தான் சொன்னாங்க. ஒரு பொண்ணு விழுந்துடுச்சாமே, என் பையன் விழுந்த இடத்துலயே" என்றவர், யாரும் சொல்லாமலே அந்த அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழுதுடுங்க ஐயா. அடக்கி வெச்சா ஆளையே தின்னுடும். நானும் இதே பெஞ்சுல உக்காந்திருந்தவதான். இதோ நிக்கிறாரே இந்தத் தம்பி, இவர்தான் என் பிள்ளையைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தார். வெளியில வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. இவரைத் திட்டாதீங்க. தங்கமான மனுஷன்."

காலையிலிருந்து தனக்காகப் பேச ஒரு ஜீவன் வராதா என்று ஏங்கியிருந்த காவலருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் காலில் விழலாமா என்றிருந்தது.

"திட்டி என்னம்மா ஆகப்போகுது? போனவ வரவா போறா?" என்றார் அப்பா.

"எனக்கு ஒண்ணு மட்டும்தான் புரியல ஐயா" என்றார் அக்கா. "வழி நெடுகக் கல்லு அடுக்கி வெச்சிருக்காங்க, என் பையன் விழுந்த இடத்துல மட்டும் ஒண்ணுகூட இல்லையேன்னு இத்தனை வருஷமா மனசு அடிச்சுக்கும். இனி யார் பெத்த பிள்ளையும் அங்க விழக் கூடாதுன்னு, முந்தாநாள் வெயில் அடிச்சப்போ நானே மேல ஏறிப் போய், எவ்வளவு மூட்டம் இருந்தாலும் தெரியிற மாதிரி இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வெச்சுட்டு வந்தேன். உங்க பொண்ணு கண்ணுல அது படலையா?"