வாலில் இரண்டு எழுத்து

"உங்க பன்னி ஏன் உங்களையே பார்த்துப் பயந்து ஓடுது, தெலேசியாம்மா?"

படகிலிருந்து இறங்கியதும் நெவில் கேட்ட முதல் கேள்வி இதுதான். லோமத்துத் தீவின் தலைவி தெலேசியா அவசரமாகச் சிரித்தாள். பிறகு கையிலிருந்த பூமாலையை அவன் கழுத்தில் போட்டாள்.

"நாளைக்கு உங்களுக்கு விருந்துன்னு அதுக்கு யாரோ சொல்லிட்டாங்க போல!"

நெவில் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்தால் சரி. சிரித்த முகத்தோடு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனால் தெலேசியாவுக்கு அதுவே போதும்.

ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன்காரனான நெவிலுக்குத் தொழில் பெயர் வியாபாரம். இணையதளங்களுக்கு வைக்கிற பெயர்களை மலிவாக வாங்கிப் பதுக்கிவைத்து, தேவைப்படுகிறவன் தேடிக்கொண்டு வரும்போது யானை விலைக்கு விற்பான். அவன் வாங்கிக் குவித்த பெயர்கள் எல்லாவற்றின் வாலிலும் இந்தியாவுக்கு 'in' மாதிரி லோமத்து நாட்டுக்கென்று ஒதுக்கிய இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் நாய்க்கு ஷாம்பு விற்கிறவனும், சிலியில் பல் கட்டுகிறவனும் அந்த வாலுக்காக அவனிடம் கொட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் லோமத்து எந்தக் கடலில் இருக்கிறதென்று தெரியாது.

நெவிலுக்கு இருந்தது ஒரே பயம். ஊர் காலியானால் நாடு போய்விடும். நாடு போனால் எழுத்து போய்விடும். எழுத்து போனால் அவனுடைய பெயர்கள் எல்லாம் வாலறுந்த பட்டம். அதனால் வருடா வருடம் கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்து, குடும்பத்துக்கு இவ்வளவு என்று 'தங்கும் கூலி' கொடுத்துவிட்டுப் போவான். ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதற்குக் கூலி! சும்மா இருக்கிறவர்களுக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி அவன் ஒருவன்தான்.

"இந்த வருஷம் தலையை எண்ணிட்டுத்தான் காசு," என்றான் நெவில். "இங்கே சில பேருக்கு நியூசிலாந்து ஆசை வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"எவன் சொன்னான்? அவன் வாயில மண்ணு விழ! வாங்க, நீங்களே எண்ணிக்குங்க."

வாய் வீரம் பேசிவிட்டது. இந்தக் காசு வராவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இந்த வீடுகளில் விளக்கு எரியாது. அம்மாவின் கல்லறையில் பூ வைக்கக்கூட ஆள் இருக்காது. அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

முதல் வீட்டுக் கதவு திறக்க மறுத்தது. தெலேசியா தோளால் இடித்தாள். அசையவில்லை. இடுப்பால் ஒன்று வைத்தாள். கதவு அலறிக்கொண்டு திறந்தது.

"உப்புக் காத்து," என்றாள்.

அடுத்த வீட்டுத் தென்னையில், பாதி உயரத்தில், துமாவ் மரத்தை இறுகக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

"தேங்காய் பறிக்கிறதுல புலின்னு சொன்னீங்களே, இவர்தானே?"

"புலிதான். கொஞ்சம் தொப்பை போட்ட புலி."

"அக்கா, யாராவது ஏணி கொண்டாங்க அக்கா!" என்று புலி மேலிருந்து கெஞ்சியது.

போதாக்குறைக்கு, மணலில் ஒரு நண்டு ஓடியதைப் பார்த்துத் தெலேசியாவின் தங்கை மகள் லித்தியா வீலென்று கத்தி, நெவிலின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"தீவுப் பொண்ணு, நண்டுக்குப் பயப்படுதே?"

நல்லவேளையாகப் பாதிரியார் பெனி குறுக்கே வந்தார்.

"கடவுள் படைச்ச எதுக்கும் கொஞ்சம் பயந்து நடக்கணும், தம்பி. நண்டா இருந்தா என்ன?"

பாதிரியார் சொன்னால் மறுபேச்சு உண்டா? நெவில் பயபக்தியோடு தலையாட்டினான்.

மாலையில் தேவாலயத்தில் எல்லாரையும் நிற்கவைத்து எண்ண ஆரம்பித்தான். பாட்டு எழுந்தது. அதில் மட்டும் ஒருவரும் சறுக்கவில்லை. கிழவிகள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார்கள், துமாவின் குரல் கூரையை முட்டியது. நெவில் இரண்டு தடவை எண்ணிக்கையைத் தவறவிட்டு, மூன்றாவது தடவை எண்ணுவதையே விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினான்.

மறுநாள் குழி அடுப்பில் வெந்த பன்றியையும் சேம்பங்கிழங்கையும் ஒரு பிடி பிடித்தான். வயிறு நிறைந்ததும் மனமும் நிறைந்துவிட்டது. படகில் ஏறுமுன் கைபேசியைத் தட்டி அத்தனை குடும்பத்துக்கும் பணம் அனுப்பினான்.

"ஒரு குடும்பம்கூட நகரக் கூடாது, தெலேசியாம்மா. என் பொழப்பே உங்க கையிலதான் இருக்கு."

"இது நாங்க பொறந்த மண்ணு, நெவில். விட்டுட முடியுமா?"

படகு கண்ணுக்கு மறையும்வரை ஊரே கரையில் நின்று கையசைத்தது. நெவில் அழுதான். தெலேசியாவும் அழுதாள், அது நிஜமான அழுகை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊரைப் பார்த்துத் திரும்பினாள்.

"சரி, எல்லாரும் பெட்டியைக் கட்டுங்க. நம்ம படகு சாயங்காலம். நியூசிலாந்து விமானத்தைத் தவறவிட்டா சூப்பர் மார்க்கெட்காரன் என்னை வேலையை விட்டே தூக்கிடுவான். துமாவ், நீ எப்ப பஸ் ஓட்டப் போகணும்?"

"திங்கக்கிழமை காலையில அக்கா."

"அப்ப பூட்டறதுக்கு முன்னாடி எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போடு. வருஷத்துல ஒரு வாரம்தான் திறக்கிறோம், அதுலயும் மானத்தை வாங்குது," என்றாள் தெலேசியா. "அடுத்த கிறிஸ்துமஸுக்கும் டிக்கெட் காசு வந்தாச்சு. மறுபடியும் வந்து நம்ம வீட்டைப் பார்க்கலாம்."