குருகு பார்க்க வந்த நாலு பேர்

சீமையில் ஒரு ஏரி. கோடை வந்தால் போதும், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு பறவை பார்க்கிற ஆட்கள் வந்துவிடுவார்கள். அன்றைக்கு வந்த நாலு பேர், தாழைக்கோழியின் கூட்டுக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாணலுக்குள் ஒளிந்து வாழும் குருகைப் பார்க்காமல் நகர்வதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பயந்து ஓடிவந்த தாழைக்கோழி, குருகிடம் அழாத குறையாகச் சொன்னது.

"அண்ணே, என் முட்டையெல்லாம் ஆறிப்போகுது. ஒரு தடவை தலையைக் காட்டுங்க, பார்த்துட்டுப் போயிடுவாங்க."

"நல்லாச் சொன்னே! நான் என்ன வாத்தா, கண்டவங்க கண்ணுல படுறதுக்கு?"

தாழைக்கோழி பொறுத்துப் பார்த்தது. வருவது வரட்டும் என்று அந்த ஆட்களின் கால்களுக்கு நடுவே நடந்தது.

நாலு பேரும் குனிந்தார்கள்.

"அட, தாழைக்கோழி" என்றார் ஒருவர். மறுபடி நாணலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.

அது போய் முட்டைமேல் உட்கார்ந்தது. சூடு இன்னும் மிச்சம் இருந்தது.

பொழுது சாய்ந்ததும் அவர்கள் முக்காலியை மடக்கினார்கள்.

"தங்கச்சி, என்ன பேசிக்கிறாங்க?" என்று நாணலுக்குள்ளிருந்து குருகு கேட்டது.

"இந்த ஏரியில குருகே கிடையாதாம் அண்ணே. நாளைக்கு வேற ஏரிக்குப் போறாங்களாம்."

குருகு சிறகை ஒருமுறை கோதிவிட்டு, அவர்கள் போகிற பாதையின் நடுவில் போய் நின்றது.