மாப்பிள்ளைக்குப் பத்தியம்

மாப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

மாப்பிள்ளை என்பது கினிப்பன்றி. அவனுடைய பெரிய மகள் வைத்த பெயர். ஜோடியாக வாங்கிவந்த ஒரே வருஷத்தில் மூன்று பிரசவம். தெருவில் குட்டி வாங்காத வீடு கிடையாது. இனிமேல் ஓசியில் கொடுத்தாலும் யாரும் தொடமாட்டார்கள் என்றான பிறகு, நேற்று அவன் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்து எடுத்து வந்தான்.

மயக்க ஊசி போடும்போது அவன்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"சார், ஆபரேஷன் உங்களுக்கு இல்ல," என்று நர்ஸ் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று சாயங்காலத்துக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போயாக வேண்டும். இந்தப் பிராணிக்குக் குடல் நின்றால் உயிரும் நின்றுவிடும் என்று பிராணி டாக்டரம்மா அடித்துச் சொல்லியிருந்தார். வெயில் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன். கையளவு மிருகத்தின் வாயைத் திறக்க முடியவில்லை. மடியில் துண்டை விரித்து, குழைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றி, கடைவாய் ஓரமாக விட்டுப் பார்த்துவிட்டான். சாண் உள்ளே போனால் முழம் வெளியே வந்தது. சட்டையெல்லாம் பச்சை.

"தின்னு தொலையேன்டா!"

சொன்ன மறுநொடியே மனசு கேட்காமல் தலையைத் தடவிக் கொடுத்தான்.

அவனுடைய கோபமெல்லாம் படுக்கையறைப் பக்கம்தான் இருந்தது. உள்ளே மனைவி படுத்திருந்தாள். ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் இன்னொரு ஆள் ஊட்டலாம். இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. கட்டில் முனகியதே தவிர ஆள் வரவில்லை.

மச்சினிச்சி இன்று காலையில்தான் கிளம்பிப் போனாள். அதிலிருந்து பாத்திரம், துணி, பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் எல்லாம் இவன் தலையில் விடிந்தது. போதாக்குறைக்கு நடுவில் மனைவி வெந்நீர் வேறு கேட்டாள். வைத்தான்தான். தீவனம் குழைக்கவே அது சரியாகப் போயிற்று.

வாயில்லா ஜீவன் இங்கே சாகக் கிடக்கிறது, மகாராணிக்கு எழுந்து வர மனசில்லை என்று பல்லைக் கடித்தான்.

டாக்டரம்மா சொன்னதில் ஒன்றைக்கூட அவன் தவறவிடவில்லை. கூண்டில் பரப்பிய மரத்தூள் தையலில் ஒட்டும் என்றார். அத்தனையையும் அள்ளிக் கொட்டிவிட்டு வெள்ளைத் துண்டு விரித்தான், ரத்தம் கசிந்தால் வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியுமாம். ஏறி இறங்கக் கூடாது என்றார், கூண்டிலிருந்த மரப்படியைக் கழற்றினான். குளிர் ஆகாது என்றார். ஃபேனை நிறுத்திவிட்டு இவன் வியர்வையில் ஊறினான். டிவி சத்தத்தில் மாப்பிள்ளை மிரளுவாரென்று பிள்ளைகளை எதிர்வீட்டுக்குத் துரத்தியாயிற்று. மணிக்கொரு தரம் மல்லாக்கப் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தையலைப் பார்த்தான். வீக்கம்கூட இல்லை.

இவ்வளவு பார்த்தும் தின்ன மாட்டேன் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

"ஏய், ஒரு நிமிஷம் எந்திரிச்சு வந்தா கொறஞ்சா போயிடுவ?" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

கட்டில்தான் மறுபடி முனகியது. நல்ல நெஞ்சழுத்தம்தான் என்று நினைத்துக்கொண்டான்.

மாப்பிள்ளை சிரிஞ்சைக் கடித்துத் தள்ளினார். அவனும் ஆத்திரத்தில் அதைத் தூக்கி மூலையில் எறிந்தான். அப்புறம் வேறு வழி தெரியாமல், விரல் நுனியில் கொஞ்சம் தீவனத்தைத் தொட்டு அவர் உதட்டில் தடவினான்.

மாப்பிள்ளை மூக்கைச் சுளித்தார். ஒரு தரம் நக்கினார். இன்னொரு தரம். பிறகு தாடை லேசாக அசைய ஆரம்பித்தது.

மெல்கிறார்!

அவன் மூச்சுக்கூட விடவில்லை. தொட்டுத் தொட்டுத் தடவிக்கொண்டே இருந்தான். கிண்ணத்தில் பாதி காலியானது. ரொம்ப நேரம் கழித்து வெள்ளைத் துண்டில் சின்னதாக ஒரு புழுக்கை விழுந்தது. குடல் வேலை செய்கிறது.

புழுக்கையைப் பார்த்து அழுத ஆம்பளை உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருக்கும். அப்பாடா என்று மாப்பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"என்னாலதானடா உனக்கு இந்தப் பாடு. ரொம்ப வலிச்சுதா? மன்னிச்சுக்கடா."

பின்னால் படுக்கையறைக் கதவு திறந்தது.

மனைவி ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கை அடிவயிற்றைத் தாங்கியிருந்தது. அங்கேயும் தையல், மூன்று நாள்தான் ஆகிறது.

இன்னொரு பிரசவத்தை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னதும், "ஆம்பளைக்குன்னா அரைமணி நேர வேலை, நானே பண்ணிக்கிறேன்," என்று வீறாப்பாகத் தேதி வாங்கியவன் அவன்தான். அந்தத் தேதியன்று ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். இருட்டும்வரை உட்கார்ந்திருந்து ஆட்டோ பிடித்து வீடு வந்தவள், மறுவாரம் தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்த் தானே ஆபரேஷனுக்குப் படுத்தாள்.

அவன் திரும்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இப்ப சொன்னீங்களே, அதையே இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவ சொல்லுங்க," என்றாள்.