அந்த நாவலில் வரும் புருஷன்

மனைவியின் மூக்குக்கண்ணாடி மேல் அவர் உட்கார்ந்து உடைத்து ஒரு மாதம் ஆகிறது. "நாளைக்குச் சரிபண்ணித் தர்றேன்" என்று அன்று சொன்னவர், இன்றும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும், படித்த நாவலைப் பற்றி இருவரும் பேசும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

தன் துப்பறியும் நாவலை அளந்து முடித்துவிட்டு, "உன் கதைக்கு வா" என்றார்.

"ஒரு புருஷன். நல்லவன்தான். எதைக் கேட்டாலும் ஜோக் அடிச்சு நழுவிடுவான். அவ காய்ச்சல்ல கிடந்தப்பவும் ஜோக்குதான்."

"சரியான கழுதை. நானும் ஜோக் அடிக்கிறவன்தான், அதுக்காக இப்படியா?"

"அவளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தா. அவன் காதுல ஏறல."

"அவனோட எதுக்கு மல்லுக்கட்டணும்? பெட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?"

"அப்படிங்கறீங்க?"

"நான் எழுதியிருந்தா முதல் அத்தியாயத்துலயே கிளப்பியிருப்பேன். குடு, நானும் படிக்கிறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. அலமாரி மேல் கண்ணாடி உடைந்தபடியே கிடந்தது. அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"கண்ணாடி இல்லாம எப்படிம்மா படிச்ச?"

"படிக்கல."

வாய் வரை வந்த ஜோக்கை விழுங்கினார். "அவ... கிளம்பிட்டாளா?"

"நாளைக்குக் காலையில கிளம்புறா. பெட்டி கட்டியாச்சு."