மூன்றாம் ஓலை

“விழுப்புரம் பங்கைச் சேர்ந்த எஸ்தாக்கி மகன் பெலிக்ஸுக்கும், நம் பங்கைச் சேர்ந்த ராயப்பன் மகள் எமல்டாவுக்கும் திருமணம் நடைபெற இருக்கிறது. இது முதல் ஓலை.”

வாசித்துக்கொண்டிருந்த பெரியநாயகம் பாதியில் நிறுத்தினார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லார் கண்ணும் அவர் மேலேயே இருந்தது.

ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பதும், கல்யாணத்துக்கு முந்தின மூன்று வாரமும் தடை கேட்டு அறிவிக்கிற ஓலையை வாசிப்பதும் பல வருஷமாக அவர் செய்கிற ஊழியம். வாரம் முழுக்கச் சிமெண்டுக் கலவை சுமந்த உடம்போடு வந்து நிற்பார். போன வருஷம் இதே இடத்தில் நின்று, இதே பெலிக்ஸின் பெயரைத் தன் மகள் அடைக்கலமேரியின் பெயரோடு சேர்த்து வாசித்தவர்.

அந்தக் கல்யாணம் முதல் ஓலையோடு நின்றது. பெண்ணுக்கு வலிப்பு என்று மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவன் ராயப்பன். அந்தப் பொய்க்குப் பிறகு அடைக்கலமேரியைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. அவளும் கோயில் பக்கம் வருவதை விட்டுவிட்டாள்.

இப்போது அதே மாப்பிள்ளை ராயப்பன் வீட்டுக்கு.

பெரியநாயகம் செருமிக்கொண்டு மிச்சத்தையும் வாசித்தார். “இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.”

வீட்டில் மனைவி சலேத்து சோற்றுத் தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள். “படிக்க மாட்டேன்னு சொன்னா இன்னாய்யா? நம்ம பொண்ணு வாழ்க்கையில மண்ண போட்டவன் பொண்ணுக்கு நீ ஓலை படிக்கிற! ஊரே சிரிக்குது.”

“நான் படிச்சாத்தான்டி அவன் மூஞ்சிய நேரா பாக்க முடியும்.”

“பாத்து?”

“பாத்துக்கினே இருப்பேன்.”

சாயங்காலம் ராயப்பனே வந்தான். உள்ளே வராமல் வேலியோரம் நின்றான். “ண்ணே, பழச மனசுல வெச்சிக்கினு எதுனா கெளப்பி வுட்டுடாதண்ணே.”

“கெளப்புறதுக்கு இன்னாடா கீது?”

“ஒண்ணும் இல்லதான். இல்லாதத எதுனா சொல்லிடுவியோன்னு ஒரு பேஜாரு.”

“இல்லாதத சொல்றது உன் வேலை ராயப்பா. என் வேலை இருக்கறத படிக்கிறதுதான். போ.”

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையை முனகலாகப் படித்து முடித்தார். அன்றைக்கே கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை என்று சொல்லிப் பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். பெலிக்ஸுக்கும் அந்த ஊரில்தான் கம்பெனி வேலை. டீக்கடையில் ஒரே சிரிப்பு.

“மாப்ள கால்ல வுழப் போறாருடா! என் பொண்ணையே கட்டிக்க ராசான்னு!”

சனிக்கிழமை திரும்பி வந்தார். மறுநாள் மூன்றாம் ஓலையை வாசித்தபோது குரல் கணீரென்று கடைசி பெஞ்சு வரைக்கும் போனது. தடை உண்டா என்று கேட்கிற வரியை நிறுத்தி நிதானமாக, முதல் வரிசையில் இருந்த ராயப்பனைப் பார்த்தே வாசித்தார். ராயப்பன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான்.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். “பெரியநாயகம், மனசுல எதுனா இருந்தா இப்பவே சொல்லிடுப்பா.”

“சொல்ல வேண்டிய ஆளு நான் இல்ல சாமி.”

சாமியார் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். “இந்த மனசு எல்லாருக்கும் வராதுப்பா.”

கல்யாணத்தன்று ராயப்பன் கோயில் வாசல் வரைக்கும் பந்தலை இழுத்திருந்தான். பேண்டு செட்டைத் திண்டிவனத்திலிருந்து கூட்டி வந்திருந்தான். பெலிக்ஸ் கோட்டு சூட்டோடு பீடத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்தாயிற்று. கல்யாணப் பூசைக்கு வாசகம் வாசிக்க வேண்டிய பெரியநாயகம் மட்டும் உள்ளே போகாமல், கேட் அருகில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராயப்பன் ஓடி வந்து அவருக்கு ஒரு சால்வையைப் போர்த்தினான். “நான் பண்ண காரியத்துக்கு நீ இந்தக் கல்யாணத்தக் கலைச்சிருக்கலாம்ண்ணே. மூணு வாரம் எனக்குத் தூக்கமே இல்ல. நீ மனுசனே இல்ல, தெய்வம்.”

“உன் பொய்யி என் பொண்ண ஒரு வருசம் வீட்டுக்குள்ள பூட்டி வெச்சிதுடா.”

“தப்புதாண்ணே. இன்னிக்கு நல்ல நாளு, அத வுடு. ஜல்தி உள்ள வா. நீ வந்து வாசிச்சாத்தான் எனக்கு நிம்மதி.”

“உன் பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது ராயப்பா. அதான் தாலிக்கு முன்னாடி வந்துடச் சொன்னேன்.”

“யார?”

ரோட்டில் ஷேர் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் இறங்கி, பந்தலையும் கூட்டத்தையும் மிரண்டு பார்த்தாள். பிறகு பெரியநாயகத்தை அடையாளம் கண்டு கும்பிட்டாள்.

“உங்க வீட்டு விருந்தாளியாண்ணே?”

பெரியநாயகம் சால்வையைக் கழற்றி ராயப்பன் தோளிலேயே போட்டார்.

“மாப்ளையோட சம்சாரம்டா.”